மைனஸ் 1.25: பையனுக்குக் கண்ணாடி போடலாமா, விடலாமா?

9 ஜூன் 2024, சேலத்திலிருந்து ஒரு வாசகர்

மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் கண் பரிசோதனை நடந்தபோது கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் இரு வீட்டிலும் யாரும் கண்ணாடி போட்டதில்லை. கைப்பேசிதான் காரணம் என்பது என் முடிவு. பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன். கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிப் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார் மாமனார். போடாமல் விட்டால் தானாகக் குறையுமா? பாதி பவரில் போட்டுப் பழக்கலாமா?

9 ஜூன், இரவு 10.40

கைப்பேசி மீது வழக்குப் போடும் முன் எதிர்த்தரப்பில் ஒரு சாட்சி. எனக்கு மைனஸ் வந்தது 1979-ல், ஏழாம் வகுப்பில். அப்போது எங்கள் தெருவில் தொலைபேசி இருந்ததே ஒரு வீட்டில்தான், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டில். அதையும் நான் தொட்டதில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். நாள்காட்டி, பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டு என்று பொடி எழுத்தாக எது வந்தாலும் என் மேசைக்கு வரும். கண்ணைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. நாற்பத்தைந்து வருடமாகக் கண்ணாடி என் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மைனஸ் 7.5. பள்ளியில் பெயர் சோடாப்புட்டி.

கண்ணாடி போட்டுவிடுங்கள். பாதி பவர் விஷயத்தில் மட்டும் உங்கள் மாமனார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். எனக்கு முதல் கண்ணாடி செய்து கொடுத்தவர் அரை பவர் குறைத்துத்தான் கொடுத்தார். மெதுவாகத்தான் ஏறியது.

10 ஜூன், காலை 6.15

மெதுவாக ஏறியது என்று எழுதிவிட்டுப் படுத்தேன். எழுந்து கணக்குப் பார்க்கிறேன். ஏழாம் வகுப்பில் மைனஸ் 1.5, பத்தாம் வகுப்பில் மைனஸ் 4. இதுவா மெதுவு? பாதி பவர் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள்.

மலேசியாவில் இதைப் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு முழுப் பவர், இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் ஏறியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன என்றாலும், பாதி பவரால் லாபம் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல ஆள் இல்லை. நஷ்டம் மட்டும் நிச்சயம்: பையனுக்குக் கரும்பலகை தெரியாது.

10 ஜூன், மதியம்

அந்த 1.25 என்ற எண்ணை வைத்து ஒரு வேலை செய்யலாம். 100-ஐ அதனால் வகுங்கள். 80 வரும். கண்ணாடி இல்லாமல் உங்கள் பையனுக்குத் தெளிவாகத் தெரிவது 80 சென்டிமீட்டர் வரைதான். அதற்கு அப்பால் தூரம் கூடக் கூட மங்கல். மைனஸ் 2 என்றால் 50. எனக்கு 13.

பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணை இடுக்கிப் பார்ப்பதுதான் முக்கியத் தடயம். இடுக்கும்போது ஒளி சின்னச் சந்து வழியாக நுழைவதால் மங்கல் குறைகிறது. கிட்டப்பார்வைக்கு உள்ள மயோப்பியா என்ற கிரேக்கப் பெயரே கண்ணை மூடுவதிலிருந்து வந்ததுதான்.

என் கதை ஒன்று. ஶ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை எனக்குச் சின்ன வயதில் நன்றாகத் தெரியும், அரசாங்க முத்திரையில். அப்பாவின் சான்றிதழ்களை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக எண்ணியிருக்கிறேன். தேருக்குக் கூட்டிப் போனபோது நேரில் நின்றது சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோணம். அச்சில் இருப்பது தெளிவு, நேரில் இருப்பது மங்கல், கோயில் என்றால் இப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டேன். கண்ணாடி போட்ட வருடம் மறுபடி போனேன். பதினொரு நிலையும் தனித்தனியாக நின்றன. மேலே ஒரு கலசத்தில் காக்கை உட்கார்ந்திருந்தது.

(முத்திரையில் இருப்பது எங்கள் ஊர்க் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் இங்கே சண்டைக்கு வர வேண்டாம். இது கண்ணைப் பற்றிய பேச்சு.)

11 ஜூன்

“கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் பார்வை இல்லை என்றுதானே பொருள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கிட்டத்தில் மட்டும்தான் பார்வை இருக்கிறது என்று பொருள். இருப்பதை வைத்துப் பெயர், இல்லாததை வைத்து அல்ல. தூரப்பார்வையும் அப்படியே. நாற்பதுக்கு மேல் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்க வைப்பது வேறு விஷயம். அதற்கு வெள்ளெழுத்து என்று அழகான பெயர் இருக்கிறது. அச்சகக்காரனுக்கு மை குறைந்த எழுத்து என்று தோன்றும்.

எனக்கு வெள்ளெழுத்து வந்ததே வெளியில் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன், தீர்ந்தது. மற்றவர்கள் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கும் நான்கு வண்ண அச்சுப் புள்ளிகளை நான் வெறுங்கண்ணால் பார்ப்பேன். தாளைப் பதின்மூன்று சென்டிமீட்டரில் பிடித்தால் மற்றவர்கள் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். இந்தத் தொழிலில் முப்பத்து மூன்று வருடம் சோறு போட்டது இந்தக் குறைதான்.

11 ஜூன், இரவு

சேலத்துக்காரருக்கு: முக்கியமானதைக் கேட்க மறந்துவிட்டேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்களா, மெஷினில் மட்டுமா?

12 ஜூன், சேலத்து வாசகர்

மெஷினில்தான் ஐயா. உள்ளே ஒரு ரோட்டில் பலூன் தெரிந்ததாம்.

12 ஜூன், இரவு 9.30

அந்தப் பலூனை எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீண்ட சாலை, அதன் கோடியில் வண்ணப் பலூன், மங்கும், தெளியும், மங்கும். வேடிக்கைக்காக வைத்த படமல்ல. அதை வேண்டுமென்றே மங்கலாக்குவது, தூரத்தில் இருப்பதாக நம்ப வைத்துக் கண்ணுக்குள் இருக்கும் தசையை இளகச் செய்யத்தான். பெரியவர்களிடம் இந்த ஏமாற்று பெரும்பாலும் பலிக்கும். பிள்ளைகளிடம் பல சமயம் பலிக்காது. மெஷின் பெட்டி முகத்துக்கு முன்னால் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் போல, தசையை இறுக்கிக்கொள்ளும். மைனஸ் கூடுதலாக விழும்.

என் மகளுக்கு இதுதான் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு, கூடவே நுழைவுத் தேர்வுப் பயிற்சி, நாள் முழுக்கப் புத்தகம். திடீரென்று பஸ் போர்டு தெரியவில்லை என்றாள். கடையில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள், மைனஸ் 1.75. அப்பனைப் போலப் பிள்ளை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கே கண்ணாடி செய்தோம். போட்டால் தலைவலி. பிறகு கண் மருத்துவரிடம் போனபோது சொட்டு விட்டு, முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, கண்பாப்பா விரிந்த பிறகு பார்த்தார்கள். மைனஸ் 0.25.

மீதி ஒன்றரை எங்கே போனது? அது கண்ணில் இல்லவே இல்லை. பொய்க் கிட்டப்பார்வை என்றார் மருத்துவர். கிட்டத்தில் பார்ப்பதற்காக விழிலென்ஸைப் பருக்க வைக்கும் தசை இறுகியபடியே நின்றுவிட்டது. நெடுந்தூரம் தண்ணீர்க் குடம் தூக்கி வந்த கையை இறக்கி வைத்த பிறகும் விரல் உடனே நிமிராதே, அந்த மாதிரி. சில வாரம் மருந்து, படிப்பின் நடுநடுவே எழுந்து மொட்டைமாடிக்குப் போவது, அவ்வளவுதான் வைத்தியம். அந்தக் கண்ணாடி இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 2,300 ரூபாய்.

அதனால் சொல்கிறேன், 1.25 என்ற எண்ணை இன்னும் நம்ப வேண்டாம். சொட்டு விட்டுப் பார்த்த பிறகு வரும் எண்தான் எண்.

13 ஜூன்

ஒரு திருத்தம். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொய்தான் போலிருக்கிறது, கண்பயிற்சி செய்தால் போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பள்ளி வயதில் வரும் கிட்டப்பார்வையில் பெரும்பாலானது நிஜம். கண்விழி நீளமாக வளர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர். அதைத் தாண்டி நீண்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஒரு பவர். நீண்ட விழியைச் சுருக்கும் பயிற்சி கிடையாது, அதற்கு முருங்கைக்கீரையும் கிடையாது.

13 ஜூன், பத்து நிமிடம் கழித்து

ஒரு பவர் அல்ல. இரண்டரை முதல் மூன்று பவர். மெய்ப்புப் பார்ப்பவன் எழுதுவதைத்தான் யாரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை.

15 ஜூன்

கைப்பேசிக்குத் திரும்புகிறேன். கிட்டத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பது நல்லது என்று நான் வாதாடவில்லை. ஆனால் குற்றவாளி கைப்பேசியைவிட வயதானவன். ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து 1867-ல் வெளியிட்டார். கிராமப் பள்ளியில் மிகக் குறைவு, மேல்வகுப்புக்குப் போகப் போக அதிகம். அவர் பழியைப் போட்டது பெஞ்சு மீதும் மங்கலான வெளிச்சத்தின் மீதும்.

வெளிச்சம் என்று சொன்னதில் அவர் பாதி தொட்டுவிட்டார். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வளரும் ஆறேழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தவர்களும் அல்ல. பெரிய வேறுபாடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள் என்பதில்: சிட்னியில் ஏறக்குறைய 14, சிங்கப்பூரில் 3. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து விழியின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பதுதான் இப்போது பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். ட்யூப் லைட் அதற்குப் போதாது. மர நிழல் போதும்.

தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பப் பார்க்கிறது. நாம் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பையனின் கைப்பேசியைப் பீரோவில் வைத்தது சரி. பையனை வெளியே அனுப்பினீர்களா, அவனும் வீட்டுக்குள்தான் இருக்கிறானா? ஒன்று மட்டும்: வெளியே விளையாடுவது வராமல் தடுக்கத்தான் அதிகம் உதவும். வந்த மைனஸ் இறங்காது. ஏறும் வேகத்தைக் குறைக்க மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, அதற்கென்றே செய்த லென்ஸ் எல்லாம் வந்திருக்கின்றன. மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

18 ஜூன்

லேசிக் செய்துகொண்ட நண்பர், “எனக்குக் கிட்டப்பார்வை போய்விட்டது” என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குப் போனது கண்ணாடி. லேசர் செதுக்குவது முன்னால் இருக்கும் கருவிழியை. விழியின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. மைனஸ் 6-க்கு மேல் போனவர்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். பலூனை ஊத ஊத அதன் மேல் அச்சடித்த எழுத்து வெளுக்கிற மாதிரி. வருடம் ஒருமுறை பாப்பாவை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. 2011-ல் ஒரு நாள்காட்டி மெய்ப்பில், புரட்டாசி மாதத் தாளில், தேவையில்லாத இடத்தில் ஒரு காற்புள்ளி இருந்தது. நீக்குக் குறி போட்டு அனுப்பினேன். டிடிபி செய்யும் பெண் திரும்பக் கொண்டுவந்து, “அண்ணாச்சி, இங்கே காற்புள்ளியே இல்லையே” என்றது. வாங்கிப் பார்த்தேன், இருந்தது. அடுத்த வரிக்குக் கண்ணை நகர்த்தினேன், அதுவும் கூடவே நகர்ந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்தேன், அங்கேயும் காற்புள்ளி, அதைச் சுற்றிப் புகையிழை மாதிரி நான்கைந்து.

அன்று இரவு இடது ஓரத்தில் மின்னல் வெட்டியது. மழை வரும் என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னேன். மனைவி வெளியே போய்ப் பார்த்துவிட்டு, வானம் நிறைய நட்சத்திரம் என்றாள்.

மூன்று நாள் விட்டுத்தான் போனேன். தீபாவளிக்குள் நாள்காட்டி முடிய வேண்டும் என்பது சாக்கு. விழித்திரையின் ஓரத்தில் ஒரு கிழிசல். கண்ணின் மேல் ஒரு லென்ஸை அழுத்தி வைத்து, பச்சை வெளிச்சத்தைப் பொட்டுப் பொட்டாகச் சுற்றிலும் சுட்டார்கள், துணிக் கிழிசலைச் சுற்றித் தையல் ஓட்டுவதுபோல. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் திரையே உரிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். மின்னல், புதிதாகப் புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல், இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

19 ஜூன்

சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால்: என் மச்சான் லாரி ஓட்டுகிறார். சர்க்கரை 380 இருந்தபோது தூரம் மங்குகிறது என்று மைனஸ் கண்ணாடி செய்தார். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில் அந்தக் கண்ணாடி அவருக்கே உதவவில்லை. கடைக்காரரோடு பெரிய சண்டை. கடைக்காரர் மேல் தப்பில்லை. சர்க்கரை ஏறினால் விழிலென்ஸ் உப்பும், இறங்கினால் மாறும். சர்க்கரை சில வாரம் நிலையாக நின்ற பிறகு அளவெடுக்க வேண்டும்.

22 ஜூன்

என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயதில் பார்வை திரும்பியது. சரியாகத்தான் படிக்கிறீர்கள். முப்பது வருடமாகப் போட்ட வாசிப்புக் கண்ணாடியை ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். தெருவே வந்து பார்த்தது. பெருமை முழுக்க முருங்கைக்கீரைக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்கும் போனது. நானும் கீரை தின்ன ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, வாசலில் நின்ற தன் சொந்தத் தம்பியை யார் எவர் என்று கேட்டாள். தூரம் போய்விட்டிருந்தது. கண்புரை. விழிலென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுக்கும்போது ஒளியை அதிகமாக வளைக்கும். அதனால் மைனஸ் உண்டாகிறது. மைனஸ் உண்டானதால்தான் ஊசியின் காது தெரிந்தது. விழி ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை. புரை எடுத்து லென்ஸ் வைத்த மறுநாள், “என் வெள்ளைச் சேலைக்கு யார் நீலம் போட்டது?” என்று மருமகளைத் திட்டினாள். பல வருடம் மஞ்சள் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்தவளுக்கு வெள்ளை, நீலமாகத் தெரிந்திருக்கிறது.

25 ஜூன்

இரவில் மட்டும் தூரம் மங்குவது மாலைக்கண்ணா என்று ஒருவர் கேட்கிறார். மாலைக்கண் வேறு. அதில் மங்கிய வெளிச்சத்தில் பார்வையே போய்விடும். எனக்கு இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக ராத்திரி மொபெட்டில் திரும்பும்போது எதிர் விளக்குகள் பூப்போல விரிகின்றன, கடைப் பலகை படிக்க முடிவதில்லை. இது இரவுக் கிட்டப்பார்வை. இருட்டில் பாப்பா விரிவதாலும், பார்க்கத் தெளிவான பொருள் எதுவும் இல்லாததால் கண் கிட்டத்துக்கே போய் நிற்பதாலும் கொஞ்சம் மைனஸ் கூடும். 1789-லேயே கிரீன்விச் வானியலாளர் மாஸ்கெலின், நட்சத்திரம் பார்க்கத் தனக்குப் பகலைவிட அதிகப் பவர் தேவைப்படுவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவரும் நம் ஆள்தான். கடலோடிகளுக்கான பஞ்சாங்கத்தை 1767 முதல் வருடா வருடம் வெளியிட்டவர்.

26 ஜூன்

கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரவுக் கிட்டப்பார்வையில் பாதி போய்விட்டது.

7 ஜூலை

மீதிப் பாதிக்காக நேற்று மருத்துவரிடம் போனேன். மைனஸ் 9.25. ஐம்பத்தேழு வயதில் கிட்டத்தட்ட இரண்டு பவர் ஏறுமா? விழி மறுபடி வளர்கிறதோ, திரை கிழியுமோ என்று வயிற்றைக் கலக்கியது. நீளம் அளந்தார்கள்: 26.9 மில்லிமீட்டர். பத்து வருடத்துக்கு முன் எடுத்த சீட்டிலும் 26.9.

நீளவில்லை. அப்படியானால் ஏன் ஏறியது? மருத்துவர் வாயைத் திறக்கும் முன் எனக்கே புரிந்துவிட்டது. பதினைந்து நாளுக்கு முன் அம்மாவின் கதையை இத்தனை விவரமாக இங்கே எழுதியவன் நான். அதே சரக்கு என் கண்ணிலேயே பழுத்துக்கொண்டிருந்ததற்கு மாஸ்கெலினைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறேன். அதிக மைனஸ் உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமே வருமாம். 25-ஆம் தேதிக் குறிப்பில் மாஸ்கெலின் இருக்கட்டும். என்னைப் பற்றிய பகுதியை அடித்துவிடுங்கள்.

8 ஜூலை, சேலத்து வாசகர்

சொட்டு விட்டுப் பார்த்தார்கள் ஐயா. மைனஸ் 0.75. நிஜமானதுதானாம். கண்ணாடி போட்டாயிற்று. ஆறு மாதத்தில் நீளம் அளந்து பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து வெளியேதான் விளையாடுகிறான். கண்ணாடியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறான்.

8 ஜூலை, இரவு

கயிறு கட்டிவிடுங்கள். ஐந்து மணிக்குப் பதில் நாலரைக்கே விடுங்கள், வெளிச்சம் இருக்கும்போது.

21 ஜூலை

ஆடி முடிந்ததும் எனக்கு அறுவைச் சிகிச்சை. உள்ளே வைக்கும் லென்ஸுக்கு அளவெடுக்கும்போது மருத்துவர் கேட்டார்: “தூரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி வைத்துவிடட்டுமா? கண்ணாடி இல்லாமல் நடமாடலாம். படிக்க மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.” நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கிட்டப்பார்வை வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் ஒரு அடிக்கோலை எடுத்து, மெய்ப்புத் தாளை மேசையில் வைத்து, நான் உட்காரும் வாகில் கண்ணுக்கும் தாளுக்கும் எவ்வளவு தூரம் என்று மகளை அளக்கச் சொன்னேன். 33 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் மூன்று.

மைனஸ் 3 வைக்கச் சொல்லப்போகிறேன். வாசலில் நிற்பது யார் என்று தெரிய அப்போதும் கண்ணாடி தேடுவீர்களா என்கிறாள் மனைவி. தேடுவேன்.

22 ஜூலை

பலர் கேட்டுவிட்டீர்கள்: ஒரு கண்ணுக்குத் தூரம், ஒரு கண்ணுக்குக் கிட்டம் என்றும் வைக்கிறார்களாம். எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். இன்று, அறுவைக்கு முன்பே மைனஸ் 3 எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு சோதனை லென்ஸை ஒரு கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு, மறு கண்ணை மூடிப் பஞ்சாங்கத்தின் ஆவணி மாதத் தாளைப் பார்க்க விட்டார்கள். இராகு கால வரியில் ஒரு பிழை கண்டுபிடித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே இருந்தது.